சிவப்பு மை, மூலை வெட்டு, 20 பைட்: தண்டையார்பேட்டையில் ஒரு கிளினிக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய கதை

நேற்று ராத்திரி 9.40-க்கு ஷட்டரை இறக்கினோம். 64 பேர் பார்த்தாகிவிட்டது. அட்டையும் பேனாவுமாக ஓடிய காலத்திலும் கிட்டத்தட்ட இதே நேரத்துக்குத்தான் மூடுவார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் டாக்டரம்மா வீட்டுக்குப் போகும் நேரம் தள்ளிப்போகவில்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதினான்கு மாதம் பிடித்திருக்கிறது. பட்டதெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதிவைத்துவிடுகிறேன்.

தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மதர்போர்டு, பிரிண்டர், சிசிடிவி எல்லாம் பார்ப்பேன். மருத்துவம் ஒன்றும் தெரியாது. ஐந்து வயதில் இருந்து எனக்குக் காய்ச்சல் பார்ப்பவர் இந்த டாக்டரம்மா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் 6 மணிக்கு உட்காருவார். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற பெண்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்குபவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வருவார்கள். கூட ஒரு கம்பவுண்டர் அண்ணன், முப்பது வருஷமாக. ஒரு சிஸ்டர், வந்து நான்கு வருஷம். அவ்வளவுதான் கிளினிக்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்று தெருத் தண்ணீர் முழங்கால் அளவுக்கு உள்ளே வந்தது. நோயாளிகளின் அட்டைகள் ஒரு மர பீரோவில், ஒன்பது இழுப்பறைகளில் இருந்தன. கீழே இருந்த இரண்டும் முழுகிவிட்டன. மூன்றாம் நாள் நான் போனபோது கம்பவுண்டர் அண்ணன் மொட்டை மாடியில் கயிறு கட்டி, துணி கிளிப் மாட்டி, அட்டைகளைக் காயவைத்துக்கொண்டிருந்தார். பால்பாயின்ட் பேனாவில் எழுதியது பிழைத்தது. மைப்பேனாவில் எழுதியது நீலக் கறையாகிவிட்டது. டாக்டரம்மா வெகுநாள் மைப்பேனாக்காரர்.

"ஏம்ப்பா, இதெல்லாம் உன் பொட்டிக்குள்ள போட்டுட முடியுமா?" என்றார்.

"ஒரு மாசத்துல முடிச்சுடலாம் டாக்டரம்மா" என்று சொன்னேன். என் வாய்தான் சொன்னது.

முதல் வேலையாக எவ்வளவு அட்டை இருக்கிறது என்று அளந்தேன். 5 அங்குலத்துக்கு 8 அங்குல அட்டை. சீட்டு, ரிப்போர்ட் எல்லாம் குத்தி உப்பியிருந்ததால் நூறு அட்டையின் கனம் 3.5 சென்டிமீட்டர் வந்தது. இழுப்பறையின் ஆழம் 42. ஆக ஒன்றுக்கு 1,200, ஒன்பதுக்கும் 10,800. மூழ்கியது போகக் கையில் இருப்பது 8,400. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள், உள்நோயாளி ஆவணத்தை மூன்று வருஷம் வைத்திருக்கச் சொல்கின்றன. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆவணங்களைக் கணினிமயமாக்க முயல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. உள்நோயாளியே இல்லாத டாக்டரம்மா முப்பது வருஷத்தை வைத்திருந்தார். "அப்பனுக்கு என்ன வந்துச்சுன்னு தெரியாம புள்ளைக்கு எப்படிப்பா மருந்து எழுதறது?" என்பது அவர் கட்சி.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பழைய மினி பிசி ஒன்று எடுத்தேன். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 13,500 ரூபாய். அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி மடியில் வைத்தே கொண்டுவந்துவிட்டேன். பழைய 19 அங்குல மானிட்டர் 3,200. கவுன்டருக்கு என் கடையில் சும்மா கிடந்த லேப்டாப். இரண்டையும் இணைக்க 15 மீட்டர் கேபிள், 450. மினி பிசியைச் சுவரில் நாலரை அடி உயரத்தில் பிராக்கெட் போட்டு மாட்டினேன். அடுத்த புயல் வந்தால் அது முதலில் டாக்டரம்மாவின் நாற்காலியை மூழ்கடிக்க வேண்டும்.

மென்பொருள் ஓப்பன்இஎம்ஆர், நோயாளிகளின் பதிவுகளை வைத்துக்கொள்வதற்கானது. இலவசம், மூலநிரல் திறந்தது. உபுன்டு போட்டு, பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸான மரியாடிபி, பிஎச்பி ஏற்றி, ஒரு ராத்திரியில் நிறுவிவிட்டேன். அமெரிக்கக் கிளினிக்குகளை மனதில் வைத்து எழுதியது என்பதால் இன்சூரன்ஸ், பில்லிங் எல்லாம் ஏராளம். அதையெல்லாம் மறைத்துவைக்கவே இரண்டு நாள் ஆனது. அங்கே 2009-ல் ஹைடெக் சட்டம் போட்டு, மின்னணு ஆவணத்துக்கு மாறும் டாக்டருக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வழியாக 44,000 டாலர் வரை ஊக்கத்தொகை கொடுத்தார்கள். எங்களுக்கு ஊக்கத்தொகை டாக்டரம்மா வீட்டு ஃபில்டர் காபி.

கடைசிப் பெயர், முதல் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டது. நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். இனிஷியலைக் கடைசிப் பெயர் ஆக்கினேன். பிறந்த தேதி இல்லாமல் விடாது. வயசானவர்களிடம் கேட்டால் "எம்ஜிஆர் செத்தப்ப எனக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு வருசம்" என்பார்கள். 1987-ஐ வைத்துக் கணக்குப் போட்டு ஜனவரி 1 என்று அடித்துவிடுவோம். ஜனவரி 1 அன்று பிறந்தவர்கள் எங்கள் கிளினிக்கில் இப்போது நானூறுக்கு மேல்.

2024 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை திறந்தோம். அன்றைக்கு நடந்ததை விவரமாகவே சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய வாரம் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து அளந்திருந்தேன். 210 நிமிடத்தில் 62 பேர். ஆளுக்குக் கிட்டத்தட்ட 3 நிமிடம் 23 விநாடி. இதற்குள் உட்காருவது, நாக்கு நீட்டுவது, ஸ்டெத் வைப்பது, "மாமியார் எப்படி இருக்கா?" கேட்பது, சீட்டு எழுதுவது எல்லாம் அடக்கம். நான் போட்ட திட்டத்தில் டாக்டரம்மா ஒவ்வொருவருக்கும் என்ன தொந்தரவு, என்ன கண்டார், என்ன மருந்து என்று தானே தட்ட வேண்டும். ஒரு விரலில் தட்டுவார். 'பி' எங்கே இருக்கிறது என்று தேடும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், கிடைத்ததும் இறக்குவார்.

8 மணிக்கு வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. மானிட்டரை நான் மேஜையின் வலது ஓரத்தில் வைத்திருந்தேன். அதைப் பார்க்கத் திரும்பினால் நோயாளிக்குத் தெரிவது டாக்டரம்மாவின் கொண்டைதான். மீன் விற்கிற ஆயா ஒருவர், மூட்டு வலிக்காரர், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா டாக்டரம்மா, டிவி பாத்துக்கினு கீறீங்க? நான் ரெண்டு மணிக்கு எய்ந்து வார்ப்புக்குப் போணும்" என்று எழுந்தேவிட்டார். வார்ப்பு என்பது காசிமேட்டு வார்ஃப், மீன்பிடித் துறை.

10.20-க்கு நிறுத்தினோம். 260 நிமிடத்தில் 41 பேர். ஆளுக்கு 6 நிமிடம் 20 விநாடி. சுமார் இருபது பேர் திரும்பிப் போயிருந்தார்கள். டாக்டரம்மா திட்டவில்லை. "நாளைக்கு அட்டையே எடுத்துடுங்க" என்று கம்பவுண்டர் அண்ணனிடம் மட்டும் சொன்னார். அவர் என்னைப் பார்க்காமல் பீரோ சாவியை எடுத்தார். அந்தச் சாவிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் சும்மா பெஞ்சில் போய் உட்கார்ந்து, யார் கையில் எப்போது வேலை இல்லாமல் இருக்கிறது என்று பார்த்தேன். டாக்டரம்மாவுக்கு ஒரு விநாடி கிடையாது. சிஸ்டருக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. அப்படியென்றால் தட்ட வேண்டியவர் அவர்தான். எடை, பிபி, சர்க்கரை, காய்ச்சல் நான்கையும் கவுன்டரிலேயே சிஸ்டர் போடுவார். டாக்டரம்மா பழையபடி கையால் ஏ5 தாளில் எழுதுவார், திரையைப் பார்க்க மட்டும் செய்வார். வெளியே வரும்போது சிஸ்டர் அந்தத் தாளை ஒரு படம் எடுத்து, நோய்ப் பெயரைப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுப்பார். நோய்களுக்கான உலகப் பொதுக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-ல் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எங்களுக்கு 35 போதும். சர்க்கரை இ11, பிபி ஐ10, ஆஸ்துமா ஜே45, சளி ஜே06.9 என்று சிஸ்டருக்கு இப்போது மனப்பாடம். மருந்தைத் தட்டுவது சர்க்கரை, பிபி போல மாதாமாதம் ஒரே மருந்து வாங்குபவர்களுக்கு மட்டும். மானிட்டரைச் சுழலும் கையில் மாட்டி மேஜைக்கு நேர் எதிரே, கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினேன். நோயாளியும் எட்டிப் பார்க்கலாம், வரிசையில் நிற்பவர் பார்க்க முடியாது. முதலில் வைத்த இடத்தில் ஜன்னல் வழியாகப் பக்கத்து டீக்கடைக்கே தெரிந்திருக்கிறது. யாருக்கு என்ன வியாதி என்று தெருவே படித்திருந்தால்? 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை விடுங்கள், அந்தத் தெருவில் நான் கடை நடத்த முடியாது. மினி பிசியில் இன்டர்நெட்டும் கிடையாது. அப்டேட் போடும்போது மட்டும் என் போனில் இருந்து கொடுப்பேன்.

இந்த முறையில் ஆளுக்கு 3 நிமிடம் 40 விநாடி வந்தது. அதை டாக்டரம்மா ஒத்துக்கொண்டார்.

அடுத்தது ஆளைக் கண்டுபிடிப்பது. இதில்தான் நான் ரொம்ப அடிபட்டேன்.

மென்பொருள் தானாக 1, 2, 3 என்று எண் கொடுக்கும். அதையே வைத்துக்கொண்டு, பெயரையோ போன் நம்பரையோ போட்டுத் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெயரை ஆங்கிலத்தில் தட்டியதால் லட்சுமி ஐந்து எழுத்துக்கூட்டலில் ஐந்து பேராக இருந்தார், அதில் மூன்று ஒரே ஆள். தமிழுக்கு மாற்றினோம். சிஸ்டர் தமிழ்99 விசைப்பலகையை ஒன்பது நாளில் பழகிக்கொண்டார். அப்போதும் லட்சுமி, லக்ஷ்மி, இலட்சுமி. மேரி என்று தேடினால் 46 பேர். போன் நம்பர் ஒரே எண்ணில் ஏழு பேர், அந்த எண்ணும் இரண்டு மாதத்தில் மாறிவிடும்.

கம்பவுண்டர் அண்ணன் மட்டும் ஆள் செருப்பைக் கழற்றும்போதே அட்டையை எடுத்துவிடுகிறார். முகத்தைப் பார்த்து எடுக்கிறார் என்றே முப்பது வருஷமாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். "எப்படிண்ணே?" என்று கேட்டேன். அட்டையின் இடது மேல் மூலையைக் காட்டினார். பென்சிலில், பொடி எழுத்தில்: 'நே 214-3'.

நேதாஜி நகர், 214-ஆம் குடும்பம், மூன்றாவது ஆள். குடும்பத்தில் 1 என்பது எப்போதும் அம்மா. "அவுங்கதானே தம்பி எல்லாரையும் இட்டுக்கினு வர்றது. அப்பன் அவனுக்கு வந்தாதான் வருவான்." பெண் கல்யாணமாகிப் போனால் புதுக் குடும்ப எண், பழைய அட்டையின் பின்னால் 'கா 88-க்குப் போனது' என்று ஒரு வரி. காசிமேட்டில் 88-ஐ எடுத்தால் அங்கே 'நே 214-ல் இருந்து வந்தது' என்று இருக்கும். ஒருவர் பெயரை மறந்தாலும் தெருவையும் அம்மாவையும் கேட்டால் போதும். 46 மேரிகள் ஒரு நொடியில் ஒருவராகிவிடுவார்கள்.

இவ்வளவு நாளாக நான் அந்தப் பென்சில் எழுத்தை ஏதோ பீரோ கணக்கு என்று நினைத்து, அட்டைகளைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது படத்தில் இருந்து வெட்டிக்கொண்டிருந்தேன். ஓப்பன்இஎம்ஆரில் வெளி அடையாள எண் என்று ஒரு கட்டம் காலியாகவே கிடந்தது. அதில் அண்ணனின் எண்ணை ஏற்றினோம். 'நே 214' என்று தட்டினால் குடும்பமே வரிசையாக வரும். மத்திய அரசின் சுகாதார அடையாள எண்ணான ஆபா எண் வைத்திருப்பவர்கள் சொன்னால் அந்த 14 இலக்கத்தையும் குறித்துக்கொள்கிறோம். கட்டாயம் இல்லை என்பதால் யாரையும் கேட்டுத் துளைப்பதில்லை. மனப்பாடமாக 14 இலக்கம் சொல்பவரை நான் இதுவரை பார்க்கவில்லை. 'கா எண்பத்தெட்டு' என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்கிறது.

எண்ணை நோயாளியின் நோட்டில் ஒட்டிக்கொடுக்கலாம் என்று 3,400 ரூபாய்க்கு தெர்மல் லேபிள் பிரிண்டர் வாங்கியது என் அடுத்த அதிகப்பிரசங்கம். பளிச்சென்று ஒட்டிக்கொடுத்தோம். மூன்று மாதத்தில் வெள்ளைக் காகிதமாகத் திரும்பி வந்தது. வெயில் என்று நினைத்தேன். ஆனால் நோட்டைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்திருந்தவர்களுடையதுதான் முதலில் மறைந்திருந்தது. பிவிசி கவரை வளைய வைக்கச் சேர்க்கும் ரசாயனம் தெர்மல் பூச்சைத் தின்றுவிடும். இப்போது கறுப்பு மார்க்கரில் கையால் எழுதிக்கொடுக்கிறோம். மார்க்கர் 20 ரூபாய்.

பழைய அட்டைகளைப் படமெடுக்கத் தனியாக ஸ்கேனர் வாங்கவில்லை. துருப்பிடித்த குண்டூசியும் கிழிந்த ஓரமுமாக இருக்கும் அட்டை, தாள் இழுக்கும் ஸ்கேனரில் சிக்கும். முக்கால் அங்குல பிவிசி பைப்பில் ஒரு ஸ்டாண்டு, இரண்டு பக்கமும் எல்இடி பட்டை, கீழே கறுப்பு சார்ட், மேலே என் பழைய போன். எல்லாம் சேர்த்து 380 ரூபாய். குண்டூசி எடுப்பதையும் சேர்த்து இரண்டு பக்கம் வீதம் நூறு அட்டைக்கு 38 நிமிடம். 8,400-க்கும் கணக்குப் போட்டால் 53 மணி நேரம். அதனால் வருகிறவர் அட்டையை மட்டும் அன்றே எடுப்பது என்று வைத்தோம். இதுவரை 2,900 ஆகியிருக்கிறது. மீதி பீரோவிலேயே, இப்போது மேல் தட்டுகளில்.

படம் ஒன்று 3.5 எம்பி. அதைச் சுருக்க இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளில் ஒரு வரிக் கட்டளை எழுதினேன். கலரில் 280 கேபி வந்தது. கறுப்பு வெள்ளையில் 190. எழுத்துதானே, கலர் எதற்கு என்று கறுப்பு வெள்ளையாக்கினேன். ஓரத்தில் கறுப்பு சார்ட் தெரியக் கூடாதென்று நாலு பக்கமும் அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டினேன். போனில் இருந்த மூலப் படங்களை அழித்தேன். இந்த மூன்றையும் ஒரே ராத்திரியில், மிகவும் சுத்தமாக வேலை செய்கிறோம் என்ற திருப்தியோடு செய்தேன்.

ஜூன் மாதம், காலில் முள் குத்திப் புரையோடிப் போயிருந்த ஒரு மீனவர் வந்தார். நான்கு வருஷமாக வராதவர். அட்டைப் படம் திரையில் வந்தது. டாக்டரம்மா மேலிருந்து கீழ் ஒரு பார்வை பார்த்தார், காயத்தைப் பார்த்தார், சீட்டில் அமாக்ஸிசிலின் எழுதினார். கம்பவுண்டர் அண்ணன் சீட்டை வாங்கி மருந்து டப்பாவைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சீட்டோடு உள்ளே வந்தார்.

"டாக்டரம்மா, இவருக்கு ஊசி போட்டு மூஞ்சி வீங்கி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு ஓடினோமே..."

பீரோவில் இருந்து அட்டையை எடுத்துவந்தார். நடுவில், இரண்டு வரிகளுக்கு இடையே, சிவப்பு மையில் 'பென்சிலின் ஆகாது', கீழே இரட்டைக் கோடு. டாக்டரம்மா முப்பது வருஷமாகச் சிவப்புப் பேனாவை அதற்கு மட்டும்தான் எடுப்பார். அட்டையில் கண் தானாகப் போய் அங்கே நிற்கும். என் படத்தில் அந்த வரி மற்ற இருபது வரிகளைப் போலச் சாம்பல் நிறத்தில், அவர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தது. அமாக்ஸிசிலினும் பென்சிலின் வகைதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று ராத்திரி அட்டையையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. அட்டையின் வலது மேல் மூலை கத்தரியால் சின்னதாக வெட்டப்பட்டிருந்தது. கிழிசல் என்று நினைத்திருந்தேன். வலது மூலை வெட்டு சர்க்கரை, இடது மூலை வெட்டு பிபி, இரண்டும் வெட்டியிருந்தால் இரண்டும். இழுப்பறையைத் திறந்து விரலை ஓட்டினாலே அண்ணனுக்கு யார் யார் சர்க்கரைக்காரர் என்று தெரியும். நான் ஓரத்தை அரை சென்டிமீட்டர் வெட்டியதில் அத்தனை மூலையும் போயிருந்தது.

கறுப்பு வெள்ளையால் நான் மிச்சம் பிடித்தது படத்துக்கு 90 கேபி. அதுவரை எடுத்தது 640 அட்டை, 1,280 படம். மொத்தம் 115 எம்பி. ஒரு பாட்டு வீடியோவின் அளவு. அதற்காக ஒருவர் உயிரை வைத்து விளையாடியிருக்கிறேன். 640 அட்டையையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கலரில், ஓரம் வெட்டாமல், மறுபடி எடுத்தேன். சிவப்பு மை இருந்த 71 அட்டைகளை டாக்டரம்மாவே உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொன்றையும் ஒவ்வாமைப் பகுதியில் சிஸ்டரை விட்டுத் தட்டவைத்தார். இப்போது யாருடைய பதிவைத் திறந்தாலும் அது மேலேயே நிற்கும். அண்ணன் மருந்து கொடுப்பதற்கு முன்னால் திரையை ஒரு முறை பார்ப்பார், நோயாளியிடம் வாய்விட்டும் ஒரு முறை கேட்பார். அதை நிறுத்த வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

கரன்ட் விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக்கில் 150 ஏஎச் பேட்டரியோடு ஒரு பழைய இன்வர்ட்டர் உண்டு. கரன்ட் போனால் ஃபேன் நிற்காது, மினி பிசி மட்டும் அணைந்து எழும். மாறுகிற அந்தக் கண்சிமிட்டும் நேரத்தை அது தாங்கவில்லை. 3,100 ரூபாய்க்கு 600 விஏ யுபிஎஸ் வாங்கி நடுவில் போட்டேன். இன்வர்ட்டர் கொடுப்பது சதுர அலை. அது நல்ல மின்சாரமே இல்லை என்று யுபிஎஸ் முடிவுசெய்து, டிக் டிக் என்று அடித்துக்கொண்டு தன் பேட்டரியிலேயே ஓடியது. பன்னிரண்டு நிமிடத்தில் அதுவும் படுத்தது. கடைசியில் இன்வர்ட்டரின் பின்பக்கம் தூசிக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்ததைக் கண்டுபிடித்தேன். இன்வர்ட்டர் மோடில் இருந்து, அதைவிட வேகமாக மாறும் யுபிஎஸ் மோடுக்குத் தள்ளினேன். அதற்குப் பிறகு மினி பிசி ஒரு தரமும் அணையவில்லை. செலவு பூஜ்யம். சர்வீஸ் கடைக்காரன் முதலில் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டாமா?

ஆனால் அந்த ஸ்விட்சைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், செப்டம்பரில், அப்படி அணைந்து எழுந்த ஒரு நாள் மரியாடிபி எழவே இல்லை. பயப்படவில்லை. தினமும் ராத்திரி 10.30-க்குத் தானாகப் பேக்கப் எடுத்து பென்டிரைவில் போடும்படி வைத்திருந்தேன். பென்டிரைவைத் திறந்தேன். நேற்றைய ஃபைல் இருந்தது, அளவு 20 பைட். முந்தாநாளும் 20 பைட். கீழே இறங்க இறங்கப் பத்தொன்பது நாள் 20, 20, 20. ஒன்றுமே இல்லாததைச் சுருக்கினால் வருகிற அளவு அது. ஆகஸ்டில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியவன், பேக்கப் எடுக்கும் நிரலில் மாற்றவில்லை. அது தினமும் பொறுப்பாக வெறும் பையைக் கட்டி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வயிறு கலங்கியது நிஜம். சேதம் இருந்தாலும் எழ வைக்கும் மீட்பு நிலையை 1 என்று வைத்து மரியாடிபியை எழுப்பினேன். எழுந்தது. உடனே எல்லாவற்றையும் வெளியே எடுத்து, புதிதாக டேட்டாபேஸ் போட்டு ஏற்றினேன். ஒரு வரிகூடப் போகவில்லை. அதிர்ஷ்டம்தான், என் திறமை இல்லை. இப்போது ஃபைல் 1 எம்பிக்குக் கீழே இருந்தால் கவுன்டர் லேப்டாப்பில் சிவப்புப் பட்டை வரும். 450 ரூபாய் பென்டிரைவ் இரண்டு, இரண்டும் பாஸ்வேர்டால் பூட்டியவை. ஒன்று செருகியிருக்கும், மற்றது டாக்டரம்மாவின் கைப்பையில், வீட்டுச் சாவியோடு. தினமும் மாற்றிக்கொள்வார். மாதத்தின் முதல் ஞாயிறு நான் ஒரு பழைய லேப்டாப்பில் அதைத் திறந்து உண்மையிலேயே ஏற்றிப் பார்க்கிறேன். போன முறை 11 நிமிடம் ஆனது.

கடல் காற்று தன் பங்குக்கு ஒரு நாள் ராமைப் பிடித்தது. காலையில் பீப் சத்தம் மட்டும், படம் இல்லை. ராமை எடுத்து, தங்க நிறப் பல்லைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினேன். இந்தப் பகுதியில் கடை வைத்திருப்பவனுக்கு இது காபி குடிப்பது மாதிரி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இப்போது முன்கூட்டியே செய்கிறேன்.

சர்க்கரைக்காரர்களுக்கு மாதச் சீட்டைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க 11,800 ரூபாய்க்கு லேசர் பிரிண்டர் வாங்கினோம். பிடிஎஃப் ஆக்கியபோது 'மாத்திரை'யின் சங்கிலிக் கொம்பு 'ர'வுக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, பிடிஎஃப்பே வேண்டாம் என்று பிரவுசரில் இருந்து நேராக அச்சடித்தேன். சரியாக வந்தது. 1-0-1 என்பதை எடுத்துவிட்டு 'காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின்' என்று போடுகிறோம்.

மொத்தச் செலவு 36,730 ரூபாய். அதில் லேபிள் பிரிண்டரும் யுபிஎஸ்ஸும் 6,500 தண்டம். யுபிஎஸ்ஸை என் கடையில் போட்டுக்கொண்டு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். டாக்டரம்மா வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார்.

இன்னொரு கிளினிக்குக்கு இதைச் செய்வதாக இருந்தால், ரிச்சி தெருவுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் கம்பவுண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். பத்து அட்டையைக் கையில் வாங்கி, ஒவ்வொரு கிறுக்கலுக்கும் வெட்டுக்கும் என்ன அர்த்தம் என்று எழுதிக்கொண்ட பிறகுதான் காசு செலவழிப்பேன். மூலப் படங்களை ஒரு வருஷத்துக்கு அழிக்க மாட்டேன். தொடக்கத்தை டிசம்பர், ஜனவரியில் சளிக்காய்ச்சல் கூட்டம் முடிந்த பிறகு, ஏப்ரலில் வைத்துக்கொள்வேன்.

போன வாரம்தான் மூலை வெட்டைத் திரையில் கொண்டுவந்தேன். பதிவைத் திறந்தால் மேலே பெயர்ப் பட்டையின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம். சர்க்கரைக்கு ஒன்று, பிபிக்கு ஒன்று. கம்பவுண்டர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இன்னொருவர் பதிவைத் திறக்கச் சொன்னார். அதையும் பார்த்தார்.

"நல்லா கீது தம்பி. ஆனா சர்க்கரை ரைட்டு பக்கம்பா. நீ லெப்ட்டுல வச்சிகிற."

அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.